பருவம் இல்லாத ஊரில் பருவம் சொல்லும் பறவைகள்

"சிங்கப்பூரில் ஏது பருவம்? ஆண்டு முழுவதும் வெயில், நடுநடுவே மழை." இங்கு வாழும் தமிழர்களில் இப்படிச் சொல்லாதவர்கள் குறைவு. ஆடி போய் ஆவணி வந்தாலும், மார்கழி போய்த் தை வந்தாலும், வீவக வீட்டு ஜன்னலுக்கு வெளியே பெரிய மாற்றம் எதுவும் தெரிவதில்லை.

ஆனால் பருவம் உண்டு. அதைச் சொல்லுவது மரங்களல்ல, பறவைகள். தீவின் வடமேற்கு மூலையில், கிராஞ்சி, லிம் சூ காங் வட்டாரப் பண்ணைச் சாலைகளின் ஓரத்தில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். எந்தப் பறவை வந்திருக்கிறது, எது போய்விட்டது என்பதை வைத்தே அது எந்த மாதம் என்று சொல்லிவிடலாம்.

அந்தச் சாலை ஓரங்கள் இன்று மாறிவருகின்றன. அதனால்தான் அங்கு போய்ப் பார்ப்பதற்கும், பார்த்ததைக் குறித்து வைப்பதற்கும் முக்கியத்துவம் கூடியிருக்கிறது.

தேக்காவிலிருந்து தொடங்கலாம்

பறவை பார்க்க முதலில் காட்டுக்குப் போகவேண்டியதில்லை. தேக்கா சந்தைக்கு வெளியே, சிராங்கூன் சாலை மரங்களில், மாலை ஏழு மணிக்குக் கூச்சலிட்டுக்கொண்டு வந்து அடையும் மைனாக்களை யாரும் தவறவிட முடியாது. அவற்றில் பெரும்பாலானவை ஜாவா மைனாக்கள். உடல் கறுப்பு, அலகு மஞ்சள். கூண்டுப் பறவையாக இங்கு கொண்டுவரப்பட்டு, 1920களில் வெளியே தப்பிப் பெருகியவை. சொந்த ஊரான ஜாவாவில் பிடித்து விற்றதால் அவை அருகிவிட்டன. இங்கோ எங்கு பார்த்தாலும் அவைதான்.

நம் ஊர்க் காகத்தின் கதையும் இதைப் போன்றதே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், காப்பித் தோட்டங்களில் கம்பளிப்புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்கு வீட்டுக் காகங்கள் கொண்டுவரப்பட்டன. அங்கிருந்து பரவியவையே பின்னர் சிங்கப்பூருக்கும் வந்தன. காகம் வந்த பிறகு, அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் தங்கிவிட்டது. 1980கள் வரை குயில் இங்கு வந்து போகும் விருந்தாளிதான். இன்று ஆண்டு முழுவதும் விடியற்காலையில் கூவி எழுப்புகிறது.

லிட்டில் இந்தியாவும் ஒரு காலத்தில் புல்வெளியாக இருந்த இடமே. தண்ணீரும் புல்லும் தாராளமாகக் கிடைத்ததால்தான் அங்கு மாட்டு வணிகம் வளர்ந்தது. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்ற பெயர்களில் எருமை இன்றும் நிற்கிறது. பக்கத்தில் ரேஸ் கோர்ஸ் சாலை இருக்கிறது. 1840களிலிருந்து 1933 வரை அங்கு குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. பிறகு அது புக்கிட் தீமாவுக்கும், 1999ல் கிராஞ்சிக்கும் போனது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் நடந்து முடிந்தது. ஏறத்தாழ 120 ஹெக்டர் பரப்புள்ள அந்த நிலத்தில் வீடுகள் எழவிருக்கின்றன. ஊர் வளர வளரப் புல்வெளி விலகிப் போய்க்கொண்டே இருக்கிறது. பறவைகளும் அதன் பின்னாலேயே போகின்றன.

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் ஏறி, நியூட்டனில் வடக்கு-தெற்குப் பாதைக்கு மாறினால் கிராஞ்சிக்குப் போய்விடலாம். அங்கிருந்து பேருந்தில் சிறிது தூரம். அடுக்குமாடிகள் மறைந்து, கீரைப் பாத்திகளும் மீன் குளங்களும் முட்டைப் பண்ணைகளும் தெரியத் தொடங்கும். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இடமே இன்று விவசாயத்திற்கு உள்ளது. அதில் பெரும்பகுதி இந்த மூலையில்தான் இருக்கிறது.

சாலை ஓரத்தில் எங்கே பார்ப்பது?

புதிதாகப் போகிறவர்கள் "ஒன்றையும் காணோமே" என்று ஏமாந்து திரும்புவதுண்டு. பறவை இல்லாததால் அல்ல, எங்கே பார்ப்பது என்று தெரியாததால்தான். பண்ணைச் சாலையை ஐந்து அடுக்காகப் பிரித்துக்கொண்டால் கண்ணுக்குப் பழகிவிடும்.

முதல் அடுக்கு, வேலி. கம்பி வேலியின் மேல் அசையாமல் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் கீச்சானாகவோ வெண்மார்பு மீன்கொத்தியாகவோ இருக்கும். மீன்கொத்தி என்று பெயர் இருந்தாலும் இது வெட்டுக்கிளியையும் ஓணானையும் விடாது. அதனால்தான் தண்ணீர் இல்லாத இடத்திலும் அதைக் காண முடிகிறது.

இரண்டாவது, புல். வெட்டாமல் விட்ட உயரமான புல்லில் கதிர் முற்றும்போது சில்லைகள் கூட்டமாக வந்து இறங்கும். ஒரு கதிரில் ஒன்று தொங்கினால் அந்தக் கதிர் வளைந்து ஆடும். ஆடும் புல்லைத் தேடினால் சில்லை அகப்படும். புதரிலிருந்து 'ஊப் ஊப்' என்று ஆழமான குரல் வந்தால் அது செம்போத்து.

மூன்றாவது, நீர். சாலையோர வாய்க்காலும் பண்ணைக் குளமும் நாரைகளுக்கும் கொக்குகளுக்கும் உரியவை. வெள்ளை மார்பும் கறுத்த முதுகுமாக, வாலைச் சுண்டிக்கொண்டு குறுக்கே ஓடுவது கம்புள் கோழி.

நான்காவது, உயரமான கம்பமும் பட்ட மரமும். பஞ்சுருட்டானும் கருந்தோள் பருந்தும் இவற்றைத்தான் விரும்பும். கருந்தோள் பருந்து பறந்தபடியே ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கீழே எலியைத் தேடும். அதைக் கண்டாலே அங்கே திறந்த புல்வெளி இருக்கிறது என்று அர்த்தம்.

ஐந்தாவது, வானம். கோயில் குடமுழுக்கின்போது கருடன் வட்டமிடுகிறதா என்று அண்ணாந்து பார்ப்பவர்கள், கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் மேல் சாதாரண நாளிலேயே அதைப் பார்க்கலாம். செம்மண் நிற உடலும் வெள்ளைத் தலையுமாகத் தண்ணீரின் மேல் வட்டமிடும்.

ஆவணியில் வரும் விருந்தாளிகள்

ஆகஸ்டு பிறந்ததும் முதல் மாற்றம் தெரியும். அதுவரை வெறுமையாக இருந்த வானத்தில் தகைவிலான்கள் தாழப் பறந்து பூச்சி பிடிக்கத் தொடங்கும். சீனாவிலும் அதற்கு வடக்கிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் வருமுன் கிளம்பி வந்தவை அவை. செப்டம்பரில் நீலவால் பஞ்சுருட்டானும் பழுப்புக் கீச்சானும் வந்து சேரும்.

இதே நேரத்தில் சுங்கை பூலோ சதுப்பு நிலத்தின் சேற்றில் பவளக்காலிகளும் சின்னக் கோட்டான்களும் இறங்கும். வட துருவத்தை ஒட்டிய ரஷ்யா, அலாஸ்கா தொடங்கி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை 20க்கும் மேற்பட்ட நாடுகளைக் கடக்கும் ஒரு வான்வழி இருக்கிறது. கிழக்காசிய-ஆஸ்திரலேசிய வலசைப் பாதை என்பது அதன் பெயர். சிங்கப்பூர் அதில் ஒரு தங்குமிடம். இங்குள்ள பவளக்காலிகளின் உடலில் சிறு கருவி பொருத்திப் பின்தொடர்ந்த தேசியப் பூங்காக் கழகத்தின் ஆய்வில், அவற்றுள் சில திபெத்திய பீடபூமி வரை போவது தெரியவந்தது. நூறு கிராம் அளவு எடையே உள்ள ஒரு பறவை செய்யும் பயணம் அது.

ஐப்பசியும் மார்கழியும்

அக்டோபர், நவம்பர் மாதங்கள் பருந்துகளின் மாதங்கள். காலை பத்து மணி அளவில் தரை சூடேறிக் காற்று மேலே எழும்போது, தேன் பருந்துகள் அந்தக் காற்றில் ஏறிச் சுற்றி, சிறகை அடிக்காமலேயே தெற்கு நோக்கி நழுவிப் போகும். கடலுக்கு மேல் இப்படி எழும் காற்று குறைவு. அதனால் அவை கூடியவரை நிலத்தின் மேலேயே வந்து, தீபகற்பத்தின் முனையிலிருந்து கடலைக் கடக்கின்றன. சிங்கப்பூரின் வானில் அவை தென்படுவதற்கு இதுவே காரணம்.

டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும். புல்வெளிகளில் தண்ணீர் தேங்கும். மஞ்சள் வாலாட்டிகள் தரையில் ஓடி ஓடிப் பூச்சி பொறுக்கும். உண்ணிக்கொக்குகள் புல்வெட்டும் இயந்திரத்தின் பின்னாலேயே நடக்கும். நம் ஊரில் ஏர் உழும் மாட்டின் பின்னால் போன அதே கொக்குதான். மாடு இல்லாத ஊரில் இயந்திரத்தோடு போகிறது. கிளறப்பட்ட புல்லிலிருந்து பூச்சி பறக்கவேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தேவை.

2019 டிசம்பரில் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. வேடந்தாங்கலில் ஆண்டுதோறும் காணும் நத்தைக்குத்தி நாரைகள் பெருந்திரளாகச் சிங்கப்பூர் வானில் வட்டமிட்டன. அலகின் நடுவே இடைவெளி உள்ள நாரை அது. தண்ணீர் நிறைந்த வயலில் நத்தையைத் தேடி உண்பது. பறவை ஆர்வலர்கள் அவற்றைத் தேடித் தீவின் வடமேற்குக்கு விரைந்தார்கள்.

பங்குனிக்குப் பிறகு

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இரு திசையிலும் போக்குவரத்து நடக்கும். வந்தவை திரும்பும். திரும்புமுன் உடை மாற்றிக்கொள்ளும். குளிர்காலம் முழுவதும் மங்கிய மண் நிறத்தில் இருந்த பொன்னிற உப்புக்கொத்தியின் வயிறு மார்ச் மாதத்தில் கறுக்கத் தொடங்கும். முதுகில் பொன் புள்ளிகள் மின்னும். "இது வேறு பறவையோ" என்று நினைக்கத் தோன்றும். சைபீரியாவில் துணை தேடுவதற்கான கோலம் அது.

இந்த நேரத்தில் பஞ்சுருட்டான்களில் ஓர் ஆள்மாற்றம் நடக்கும். நீலவால் பஞ்சுருட்டான் வடக்கே கிளம்ப, தெற்கிலிருந்து நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் வரும். முன்னதன் தலை பச்சை, பின்னதன் தலை செம்பழுப்பு. முன்னது இங்கே ஓய்வெடுக்க வருவது. பின்னது மணல் தரையில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்க வருவது. இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டவருக்குச் சிங்கப்பூரின் நாள்காட்டியில் பாதி தெரிந்துவிட்டது எனலாம்.

மே முதல் ஜூலை வரை உள்ளூர்ப் பறவைகளின் காலம். தூக்கணாங்குருவிகளின் கூடுகள் மரக்கிளைகளில் தொங்கும். ஆண் குருவி புல்லைக் கிழித்துக் கூட்டைப் பின்னிக்கொண்டே வரும். பாதி முடிந்ததும் பெண் வந்து பார்க்கும். பிடித்தால்தான் மீதி வேலை. பிடிக்காவிட்டால் அந்தக் கூடு பாதியிலேயே நின்றுவிடும். ஒரே மரத்தில் முழுக்கூடுகளும் அரைக்கூடுகளும் சேர்ந்து தொங்குவதன் காரணம் இதுதான்.

தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, கிராஞ்சி, சுங்கை தெங்கா வட்டாரத் தங்கும் விடுதிகளில் இருக்கும் இளையர்களுக்கு இந்தக் கூடு புதிதல்ல. வயல் கிணற்றின் மேல் தொங்கியதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். ஆள் வருவதைக் கண்டதும் கத்தி ஊரைக் கூட்டும் ஆள்காட்டிக் குருவியும் இங்கு உண்டு. அதன் குரலைக் கேட்ட மாத்திரத்தில் பெயர் சொல்லக்கூடியவர்களும் அவர்களே. இங்கு பிறந்த பிள்ளைகளுக்குச் செம்போத்து, தகைவிலான், கம்புள் என்ற பெயர்களைச் சொல்லித்தர இவர்களைவிடத் தகுந்தவர்கள் கிடைப்பது கடினம்.

பார்த்தவர்கள் எழுதியதால் தப்பிய இடம்

பறவை பார்ப்பது பொழுதுபோக்குத்தானே, அதனால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. பதில் சுங்கை பூலோவிலேயே இருக்கிறது.

1986ல் அன்றைய மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் அங்கே போனபோது, அது கைவிடப்பட்ட இறால் குளங்களும் பண்ணை நிலமுமாக இருந்தது. வேளாண் தொழில்நுட்பப் பூங்கா அமைக்க ஒதுக்கப்பட்டிருந்த இடம் அது. குளத்துச் சேற்றில் ஏராளமான வலசைப் பறவைகள் இறங்குவதை அவர்கள் கண்டார்கள். எந்தப் பறவை, எத்தனை, எந்த மாதம் என்று எழுதினார்கள். அதை ஆதாரமாக வைத்து அரசாங்கத்திடம் ஒரு பரிந்துரையைக் கொடுத்தார்கள். 1989ல் 87 ஹெக்டர் நிலம் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993 டிசம்பரில் பிரதமர் கோ சோக் டோங் அதைத் திறந்துவைத்தார். 2002ல் அது சட்டப் பாதுகாப்புப் பெற்ற இயற்கை வனப்பகுதியானது. 2003ல் ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற தகுதியும் கிடைத்தது. கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் 56.8 ஹெக்டரில் அமைந்த கிராஞ்சி சதுப்பு நிலமும் 2016ல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

நம் தமிழகத்தில் இதற்கு முன்னோடி உண்டு. வேடந்தாங்கல் கிராம மக்கள், ஏரியில் அடையும் பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் தங்கள் நெல்வயலுக்கு நல்ல உரம் என்பதை அறிந்திருந்தார்கள். பறவைகளைச் சுடுவதைத் தடுக்க முறையிட்டு, 1798லேயே ஆங்கிலேய ஆட்சியரிடம் பாதுகாப்பு உத்தரவு பெற்றார்கள். உழவனுக்கும் பறவைக்கும் பகை இல்லை என்று காட்டிய ஊர் அது.

சதுப்பு நிலத்துக்குக் காவல் கிடைத்துவிட்டது. பண்ணைச் சாலையின் புல் ஓரத்துக்கு அந்தக் காவல் இல்லை. 2020ல் லிம் சூ காங்கின் ஏறத்தாழ 390 ஹெக்டர் நிலத்தை உயர் தொழில்நுட்ப உணவு உற்பத்தி வட்டாரமாக மாற்றும் திட்டத்தைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு அறிவித்தது. 2030க்குள் நாட்டின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்பது அப்போதைய இலக்கு. 2025 நவம்பரில் அந்த இலக்கு மாற்றி அமைக்கப்பட்டது. 2021ன் தொடக்கத்தில் கிராஞ்சியில், பல்லுயிர் ஆய்வு முடியுமுன்பே காட்டின் ஒரு பகுதி தவறுதலாக அழிக்கப்பட்டது. பொதுமக்களின் கவனத்துக்கு அதைக் கொண்டுவந்தவை சமூக ஊடகத்தில் வந்த படங்களே.

உணவு வேண்டும், வீடு வேண்டும். 60 லட்சம் பேர் வாழும் சிறிய தீவில் இதை யாரும் மறுக்க முடியாது. அடுக்கு அடுக்காகக் கட்டடத்துக்குள் கீரை வளர்த்தால் குறைந்த நிலத்தில் நிறைய விளையும் என்பதும் உண்மை. ஆனால் கட்டடத்துக்குள் சில்லைக்குக் கதிர் இல்லை, ஆள்காட்டிக்குத் தரை இல்லை. சாலை ஓரத்தில் பத்தடி அகலத்துக்குப் புல்லை வெட்டாமல் விடுவதும், ஒரு குளத்தை மூடாமல் வைப்பதும் பெரிய செலவல்ல. எந்த ஓரத்தை விடவேண்டும் என்று முடிவு செய்ய, அங்கே எது வாழ்கிறது என்ற கணக்கு முதலில் வேண்டும்.

கணக்கில் சேர என்ன செய்யலாம்?

நோட்டுப் புத்தகமும் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு தொலைநோக்கியும் இருந்தால் போதும். காலை ஏழிலிருந்து ஒன்பது மணி வரை நல்ல நேரம். தேதி, இடம், நேரம், பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் குறிக்கவேண்டும். ஒரே இடத்துக்கு மாதம் ஒருமுறை போவது, பன்னிரண்டு இடங்களுக்கு ஒருமுறை போவதைவிடப் பயனுள்ளது. ஒப்பிட முடிந்தால்தான் மாற்றம் தெரியும். குறித்ததை இபேர்டு என்ற இலவசச் செயலியில் பதிவு செய்தால் உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்கு அது போய்ச் சேரும். தமிழகத்தில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு இந்தச் செயலியின் வழியாகவே நடைபெறுகிறது. சிங்கப்பூரில் இயற்கைச் சங்கமும் தேசியப் பூங்காக் கழகமும் நடத்தும் கணக்கெடுப்புகளில் பொதுமக்களும் சேரலாம்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. லிம் சூ காங் சாலைகள் குறுகலானவை, கனரக வாகனங்கள் வேகமாக வரும். நடைபாதை இல்லாத இடத்தில் சாலையில் இறங்கி நிற்கக்கூடாது. ராணுவப் பயிற்சிப் பகுதி என்ற பலகையைக் கண்டால் திரும்பிவிடவேண்டும். பண்ணைக்குள் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. கூடு கட்டிய மரத்தின் அருகே போய்ப் படம் எடுத்தால் தாய்ப்பறவை கூட்டையே விட்டுவிடக்கூடும்.

முக்கியமான இன்னொன்று. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடுவது நம் வழக்கம். சிங்கப்பூரில் 2020 ஜூன் முதல் காட்டுயிர்களுக்கும் பறவைகளுக்கும் உணவு அளிப்பது சட்டப்படி குற்றம். முதல் முறை பிடிபடுவோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். லிட்டில் இந்தியாவில் புறாவுக்கு அரிசி இறைப்பதற்கும் இது பொருந்தும். மனிதர் போடும் சோற்றில் காகமும் புறாவும் மைனாவும் மட்டுமே பெருகும். தகைவிலானுக்கோ பஞ்சுருட்டானுக்கோ அதனால் ஒரு பயனும் இல்லை. அவற்றுக்கு வேண்டியது பூச்சி, பூச்சிக்கு வேண்டியது புல்.

அடுத்த ஆவணியில், ஒரு ஞாயிறு காலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிராஞ்சிப் பக்கம் போய் வரலாம். தலைக்கு மேல் வால் பிளந்த சிறு குருவி ஒன்று தாழப் பறந்து போனால், "தகைவிலான் வந்துவிட்டது" என்று அவர்களிடம் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் அந்தத் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். அதற்கு அடுத்த ஆண்டு அதே இடத்தில் புல் இருந்ததா, தகைவிலான் வந்ததா என்று ஒப்பிட்டுச் சொல்ல அந்தக் குறிப்பு உதவும்.